உலர்ந்த வாய்

ஓய்வு பெற்ற என்னை மறுபடியும் இந்த ஆய்வுகூடத்துக்கு அழைத்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள்ளேயே களைத்துவிட்டேன். அதனால் நீட்டிப் பேசப் போவதில்லை. எந்தப் பசையில் எந்த மருந்து நிற்கும், எந்தச் சூட்டில் உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் படித்துக்கொள்ளலாம். படித்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று எங்களுக்கு நடந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வரிசைகளைப் பற்றி நாடே பேசியது. வைத்தியசாலைகளில் தீர்ந்துபோன மருந்துகளைப் பற்றி, அவை தேவைப்பட்டவர்களின் வீடுகளில் மட்டும்தான் பேசினார்கள். வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வந்தவர்களால் குளிசை விழுங்க முடியாது. அவர்களுடைய வலியை அடக்கத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனது. ஊசி மருந்தையும் பார்த்துப் பார்த்தே கொடுத்தார்கள். கடும் நோவுக்கான அந்த மருந்து தூளாக மட்டும் கொஞ்சம் கையிருப்பில் இருந்தது. விழுங்க முடியாத ஒருவரின் உடம்புக்குள் அந்தத் தூளை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் எங்களிடம் வந்த கேள்வி.

புளியங்கொட்டையிலிருந்து எடுக்கும் பசையில் நான் முன்பே வேலை செய்திருந்தேன். ஈரமான சதையில் அது நன்றாக ஒட்டும். எச்சிலில் மெல்ல மெல்லக் கரையும். அதை நகத்தளவு மெல்லிய படலமாக உலர்த்தி, மருந்தை அதற்குள் வைத்து, கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், மருந்து சிறிது சிறிதாகக் கன்னத்தின் வழியே இரத்தத்தில் சேரும். வயிற்றுக்குப் போக வேண்டியதே இல்லை. வெளிநாட்டில் இப்படிப் பல உண்டு. எங்களுடையதில் புதிது என்று சொல்வதானால், இறக்குமதி செய்ய வேண்டிய எதுவும் அதில் இல்லை என்பதுதான்.

மின்வெட்டுக்கு நடுவே அதைச் செய்து முடித்தோம். மருந்து சேர்க்காத படலங்களை எங்கள் கன்னங்களிலேயே ஒட்டிப் பார்த்தோம். செயற்கை எச்சில் நிரப்பிய கண்ணாடிக் குவளைகளில் மருந்துப் படலங்களைப் போட்டு அளந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிக் கரைந்தது. அழகாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். பிறகு சுகதேகிகளான தொண்டர்களிடம் பார்த்தோம். அதுவும் சரி. அனுமதிகள் கிடைத்ததும் வார்ட்டுக்குக் கொண்டுபோனோம்.

வார்ட்டில் அதை ‘ஸ்டிக்கர்’ என்றார்கள். நாங்கள் வைத்த நீளமான பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அங்கே எங்கள் ஆய்வைப் பார்த்துக்கொண்டவர் ஓர் இளம் டொக்டர், சிங்களப் பெண். தமிழ் நோயாளிகளுக்காகத் தமிழ் பழகிக்கொண்டிருந்தார். காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய், முகத்தைக் குனிந்து பார்த்து, “இப்ப நல்லமா? நோ குறைஞ்சதா?” என்று கேட்பார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஓம், நல்லம், குறைஞ்சிருக்கு. சில நாட்கள் இப்படிப் போனதும், நிலைமை சீராக இருந்தவர்களைப் படலங்களோடு வீட்டுக்கு அனுப்பினோம். உள்ளே வைத்திருக்க வார்ட்டில் இடமும் இல்லை.

அப்படி வீட்டுக்குப் போனவர்களில் ஒருவர் பிலோமினா டீச்சர். கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவர். தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்திருந்தது. குரல் பாதிதான் வெளியே வரும். பிள்ளைகள் வெளிநாட்டில். கணவர் ஞானப்பிரகாசம்தான் எல்லாம் பார்த்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற, அதிகம் பேசாத மனிதர்.

ஒருநாள் பின்னேரம் ஆய்வுகூடத்துத் தொலைபேசி அடித்தது. டொக்டரின் தொலைபேசி வேலை செய்யாததால், பைக்கற்றில் அச்சடித்திருந்த எங்கள் இலக்கத்துக்கு ஞானப்பிரகாசம் எடுத்திருந்தார். பதற்றம் இல்லாத குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டீச்சர் நன்றாகத் தூங்குகிறார், கொஞ்ச நாட்களாக இப்படித் தூங்கியதே இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது கூப்பிட்டாலும் எழும்புகிறார் இல்லை, இப்படியே தூங்க விடலாமா என்று கேட்டார்.

மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“மூச்சு வருது மிஸ். ஆனா ஒண்டு வந்தா அடுத்தது வர நேரம் எடுக்குது.”

எத்தனை ஸ்டிக்கர் வைத்தார் என்று கேட்டேன். காலையில் ஒன்று. மத்தியானம் நோ தாங்க முடியாமல் மற்றக் கன்னத்தில் இன்னொன்று. முதலாவது கரைந்த பிறகுதானே வைத்தீர்கள் என்றேன்.

“அது கரையேல்லையே மிஸ். காலைமை வைச்ச மாதிரியே அப்பிடியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. அது வேலை செய்யேல்லை எண்டுதான் மற்றதை வைச்சவ.”

பிறகு ஏதாவது குடித்தாரா?

“கொஞ்சம் முன்னம் தேத்தண்ணி குடிச்சவ. சுடச்சுட, வாயில வைச்சு வைச்சுக் குடிச்சவ. வாய் வறண்டு போச்சுதெண்டு.”

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கதிர்வீச்சு அவருடைய எச்சில் சுரப்பிகளை வற்ற வைத்திருந்தது. அந்த வாயில் எங்கள் படலம் கரையவே இல்லை. நோ குறையவும் இல்லை. இரண்டாவதும் ஒட்டியாயிற்று. அதன் மேல் சுடு தேத்தண்ணி பட்டதும், ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாகப் போக வேண்டிய மருந்து, இரண்டு கன்னங்களிலிருந்தும் ஒரேயடியாக இறங்கிவிட்டது. கணவர் கண்டது தூக்கமே அல்ல.

இதையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் மிகச் சிறிய ஒரு பகுதிதான் எதிரில் இருப்பவருக்குத் தேவை. எதை முதலில் சொல்வது என்பதே முழு வேலையும்.

“அண்ணை, ஒரு துணியை நனைச்சு விரலில சுத்துங்கோ. அவவின்ர வாயைத் திறந்து, ரெண்டு கன்னத்திலயும் வழுவழுப்பா என்ன இருக்கோ எல்லாத்தையும் துடைச்சு வெளியில எடுங்கோ. இப்பவே. நான் லைன்ல நிக்கிறன்.”

அவர் தொலைபேசியைத் துண்டிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனார். தூரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டதாக வந்து சொன்னார். ஒரு பக்கத்தில் நிறைய இருந்ததாம். அவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், மூச்சுவிடச் சொல்லுங்கள், எந்தக் காரணத்துக்கும் தூங்க விடாதீர்கள் என்றேன். அம்புலன்ஸ் வர நேரமெடுக்கும் என்று அவரே சொன்னார். கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் நானா இருந்தார், சொந்தமாக முச்சக்கரவண்டி வைத்திருப்பவர். முதல் நாள்தான் வரிசையில் நின்று பெற்றோல் அடித்திருந்தார். அந்தக் காலத்தில் ஒருவர் தன் பெற்றோலைத் தருவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நானா ஒரு கேள்வியும் கேட்காமல் அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். நான் இன்னொரு தொலைபேசியில் வைத்தியசாலையைப் பிடித்து, யார் வருகிறார், என்ன மருந்து, எப்படி நடந்தது என்று சொன்னேன். அவர்கள் போய்ச் சேரும்போது அந்த மருந்தை முறிக்கும் ஊசி தயாராக இருந்தது.

டீச்சர் பிழைத்தார். செய்தி வந்தபோது நான் கதிரையில் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்ததாக நினைவில்லை. கால் வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் கூட்டம். எங்கள் திட்டத்தின் தலைவர் கெட்ட மனிதர் அல்ல. இதைக் கேட்கிற நீங்கள் அவரை அப்படி நினைக்கக்கூடாது. அவர் சொன்னது இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைக்க வேண்டும் என்று நாங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். நோயாளி இரண்டு வைத்திருக்கிறார். அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை என்பது உண்மை. அந்த உண்மையை அறிக்கை செய்வோம், எச்சரிக்கையைப் பெரிதாக அச்சடிப்போம், ஆய்வைத் தொடர்வோம். படலத்திலேயே பிழை என்று சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வார்ட்டில் இருப்பவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

டொக்டரும் அங்கே இருந்தார். நிறுத்தக்கூடாது என்பதில் அவர் தலைவரைவிட உறுதியாக இருந்தார். வேறு மருந்து இல்லாத வார்ட்டுக்குத் தினமும் காலையில் போகிறவர் அவர்தான். நான் அல்ல.

வாதாட எனக்குத் தெம்பு இல்லை. பல்வைத்தியர்கள் வாய்க்குள் வைக்கும் பஞ்சுச் சுருள்கள் ஒரு பெட்டியும், மருந்து சேர்க்காத படலங்கள் சிலவும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். எல்லோரும் பஞ்சால் கன்னத்தை நன்றாக ஒற்றி எடுத்து, பஞ்சை அங்கேயே வைத்துக்கொண்டு, ஒரு படலத்தை ஒட்டுங்கள் என்று கேட்டேன். தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் செய்தார். டொக்டரும் செய்தார். அப்படியே கூட்டம் நடந்தது. பஞ்சை வைத்துக்கொண்டு பேசியதால் எல்லோருடைய பேச்சும் கொழகொழத்தது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

கூட்டம் முடியும் நேரத்தில் தலைவர் விரலை வாய்க்குள் விட்டார். படலம் வந்தது. ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூட்டத்தில் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அவர் சிங்களத்தில், தனக்குத்தானே சொல்வது போல, இதை நாங்கள் யாருக்காகச் செய்தோம் என்று கேட்டார்.

ஆய்வு நிறுத்தப்பட்டது.

அதன் பிறகு வந்த கிழமைகளைப் பற்றி யாரும் உங்களுக்கு எழுதி வைத்திருக்க மாட்டார்கள். வார்ட்டில் இன்னொரு நோயாளி இருந்தார், கிருலப்பனையிலிருந்து வந்த ஒரு மனிதர். அவருக்குக் கதிர்வீச்சு இன்னும் தொடங்கவில்லை. வாயில் எச்சில் இருந்தது. எங்கள் ஸ்டிக்கர் அவருக்கு உண்மையிலேயே வேலை செய்தது. அவருக்கும் நிறுத்தினோம். ஒருவருக்கு மட்டும் தொடர எங்களுக்கு அனுமதி இல்லை. அவருக்குக் கதிர்வீச்சு தொடங்கினால் எந்த நாளில் அந்த வாய் வறளும் என்றும் தெரியாது. டொக்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய கட்டிலடிக்கு வந்து நீங்களே சொல்லுங்கள் என்றார். போனேன். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் மனம் இலேசாகும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அதை நம்பி இந்த வேலைக்கு வராதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. படலம் கரையவில்லை, நோ குறையவில்லை என்றால், வார்ட்டில் இருந்த நாட்களில் ஏன் டீச்சர் அதைச் சொல்லவில்லை? அவர் வீடு திரும்பிய பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோட்டை வரை ரயில், பிறகு பாதி தூரம் நடை. மாடியில் சிறிய வீடு. டீச்சர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கணவர் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். டீச்சர் ஒரு வசனம் சொன்னதும் ஒரு மிடறு கொடுப்பார்.

நான் கேட்டதும் அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“அந்தப் பிள்ளை எங்களுக்காகத் தமிழ் பழகினது, மிஸ். ஒவ்வொரு நாளும் வந்து, முகத்தைப் பாத்து, ‘நல்லமா’ எண்டு கேக்கும். எத்தனையோ கஷ்டத்துக்குள்ள நீங்களெல்லாம் செய்து தந்த மருந்து. இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

கணவர் தண்ணீர் கொடுத்தார். டீச்சர் மேலும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஸ்டிக்கர் கரையவில்லையாம். இருவரும் டொக்டர் வருவதற்கு முன் அதைக் கன்னத்திலிருந்து உரித்து எடுத்துவிடுவார்களாம், அந்தப் பிள்ளை கண்டால் கவலைப்படும் என்று.

நோவோடு கிடந்த இரண்டு பெண்கள், ஒரு டொக்டரின் மனம் நோகக்கூடாதென்று நோவை மறைத்திருக்கிறார்கள். நாங்கள் அதை வெற்றி என்று எண்ணி வரைபடம் கீறியிருக்கிறோம். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். வாசல் வரை வந்த ஞானப்பிரகாசம், புதிதாக ஒன்று செய்வீர்களா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

இதையெல்லாம் டொக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகக் கடினமான வேலை அதுதான். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து வார்ட்டில் கேள்வியை மாற்றினார். ‘நல்லமா’ என்பதை விட்டுவிட்டார். கட்டிலருகே உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டு, “இதில என்ன சரியில்லை? ரெண்டு பிழை சொல்லுங்கோ” என்று கேட்கத் தொடங்கினார். பிழை சொல்லும்படி கேட்டால் ஜனங்கள் மரியாதைக்காகவேனும் ஒன்றிரண்டு சொல்வார்கள். அந்தச் சின்ன யோசனை என்னுடையது அல்ல, அவருடையது. நான் இந்தத் துறையில் கண்ட எந்தப் பொருளையும்விட அது பெரியது என்று நினைக்கிறேன்.

பசையை மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தோம். வாயில் ஈரம் இல்லையென்றால் ஈரத்தையும் நாங்களே கொடுக்க வேண்டும். உலர்ந்த படலத்தை விட்டுவிட்டு, தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் மென்மையான ஜெல் துண்டாகச் செய்தோம். வாய்ப் பக்கத்தில், சூடான எதுவும் ஊடுருவாத ஒரு மெல்லிய பூச்சு. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தைத் தடுத்தால் ஒட்டாது. ஒட்டினால் உரிக்கும்போது தோல் வரும். ஒவ்வொன்றாகத் தாண்டினோம். தலைவர் எங்களோடு நின்றார். உலர் வாயில் பார்க்காத எதையும் வெளியே அனுப்பக்கூடாது என்று அவர்தான் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி அனுமதி கிடைத்தபோது நிபந்தனை இறுக்கமாக இருந்தது. எல்லோரும் வார்ட்டிலேயே, தாதியரின் கண் முன்னே இருக்க வேண்டும். யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. டீச்சரைச் சேர்க்க நாங்கள் நினைக்கவே இல்லை. அவராகவே கேட்டார். ஒருமுறை நடந்த பிறகும் ஏன் என்று டொக்டர் கேட்டதற்கு, இந்த முறை தான் பொய் சொல்லப் போவதில்லை என்று டீச்சர் சொன்னாராம்.

சொல்லவும் இல்லை. முதல் துண்டை வைத்த அன்று நானும் கட்டிலடியில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“கசக்குது. ஓரம் குத்துது. கதைக்கேக்க கழண்டு வருது. நோவும் அப்பிடியேதான் கிடக்குது, மிஸ். இது சரிவராது.”

டொக்டர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களுக்கு அது வினோதமாக இருந்திருக்கும். நாங்கள் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, கையிருப்பில் இருந்த ஊசி மருந்தைக் கொடுத்து, ஆய்வுகூடத்துக்குத் திரும்பினோம். ஓரத்தை வட்டமாக்கினோம். கசப்பை அடக்கினோம். மருந்து கன்னத்துக்குள் போகும் வேகத்தைச் சரிசெய்தோம். அதற்குப் பிறகு கொண்டுபோனது வேலை செய்தது.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் ஜெல் துண்டு சரியாக வந்த சில மாதங்களிலேயே கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. வெளிநாட்டுப் பட்டை திரும்பி வந்தது. நோயாளிகளுக்கு அது நல்ல செய்தி. எனக்கும் நல்ல செய்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் திட்டத்தை யாரும் மூடவில்லை. அதைப் பற்றிப் பேசுவதுதான் நின்றுபோனது. டீச்சர் அந்த வருஷ நத்தார் பண்டிகைக்கு முன்பே போய்விட்டார். நான் ஓய்வு பெற்றேன். அந்த வேலையைத்தான் இப்போது உங்களிடம் மறுபடி கொடுத்திருக்கிறார்கள்.

உங்களில் ஒருவர் எங்கள் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு, போன கிழமை என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்: எல்லா நோயாளிகளுக்கும் எல்லா நேரங்களிலும் நோவின் அளவு எடுத்திருக்கிறீர்கள், ஒருவருக்கு மட்டும் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது, அது விடுபட்டதா, அழிந்துபோனதா? பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன்.

அது ஒரு மத்தியானம். டீச்சருக்குத் துண்டு வைத்து, அளவு கேட்க வேண்டிய நேரத்துக்கு நான் வார்ட்டுக்குப் போனேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தாதியைக் கூப்பிட்டேன். தாதி நாடியைப் பிடித்தார், மூச்சைப் பார்த்தார், விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தாதி டீச்சரின் தோளை மெல்லத் தொட்டதும் அவர் ‘ம்’ என்று முனகிவிட்டு, மற்றப் பக்கம் திரும்பி, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு மறுபடி உறங்கினார். சாதாரணமாக மத்தியானத்தில் உறங்கும் ஒரு மனிதரைப் போல.

கட்டிலருகே இருந்த ஞானப்பிரகாசம் தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எழும்பிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நான் உட்கார்ந்தேன். ஒன்று முதல் பத்து வரை உங்கள் நோவு எவ்வளவு என்று கேட்பதற்கு, அந்தப் பெண்ணை எழுப்பியிருக்க வேண்டும். விதி அதுதான். நேரம் வந்தது. நேரம் போனது. நாங்கள் இருவரும் அவர் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இடத்தை நிரப்பாதீர்கள். நோயாளி நித்திரை.